தலையும் வாலும்

கண்ணாடித் தகட்டில்
கசகசாவைக் கொட்டியது போல் செல்கள்.
உருண்டை, நீலம்,
எதுவாகவும் ஆக மறுத்தவை.
தசையா? இல்லை.
நரம்பா? இல்லை.
இரத்தத்தின் பிள்ளையா? அதுவும் இல்லை.
சாயம் மாற்றிச் சாயம் ஏற்றிப்
பெயரைக் கேட்டேன்.
அங்கொன்றும் இங்கொன்றுமாய்த் தலையாட்டிவிட்டு
மௌனமாயின.
வெளியே பார்சலோனாவில் பிப்ரவரி மழை.

நீங்கள் எனக்கு ஓர் எண்: 41814.
இடது தொடை, ஒன்பது சென்டிமீட்டர்,
பெண், வயது இருபத்தாறு.
அவ்வளவுதான் நம் அறிமுகம்.

எண்ணைத் திருப்பி வாசித்தேன்.
ஊர்ப் பழக்கம்.
எண்களின் விகடகவியை நாங்கள்
கபிகூவா என்போம்;
தலையும் வாலும் என்று பொருள்.
டிராம் சீட்டில் அது விழுந்தால்
அன்றைக்கு யோகம்தான்,
பர்ஸுக்குள் மடிக்காமல் வைத்துக்கொள்வார்கள்.
எனக்கு வாய்த்த ஒரே சீட்டு
எனக்கு விழுந்ததே அல்ல.
சந்த் அந்தோனி ஞாயிற்றுச் சந்தையில்
மூன்று யூரோவுக்கு வாங்கிய பறவைப் புத்தகத்தில்,
மீன்கொத்திப் பக்கத்தில்,
யாரோ மறந்துவிட்டுப் போன அதிர்ஷ்டம்: 27672.

முதல் சந்தேகம் யூயிங்.
சிவப்புப் புள்ளியும் பச்சைப் புள்ளியும்
ஒன்றன்மேல் ஒன்றாய் மஞ்சளாகக் கிடந்தன.
முறிவில்லை.
பத்தொன்பதாம் குரோமோசோமைக் கேட்டோம்.
அங்கும் புள்ளிகள் பிரியவில்லை.
‘வகைப்படுத்த இயலாத உருண்டைச் செல் சார்கோமா’
என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்
ஏழு மணி ரயிலைப் பிடித்திருக்கலாம்.
ஆனால் ஒரு சாயம் மட்டும்
இருக்கக் கூடாத அடர்த்தியில் இருந்தது.
புள்ளிகள் சில சமயம் பொய் சொல்லும்.
ஆர்.என்.ஏ.வை எழுத்தெழுத்தாய்ப் படிக்க
மிச்சத் துணுக்கை ஒதீலியாவிடம் கொடுத்தேன்.
“தொட்டாலே தூளாகிறதே” என்றாள்.
பதினோரு நாள்.

பிறகு ஒரே வரி வந்தது.
பத்தொன்பதில் உடைந்தது ஒன்று
நான்கின் கடைக்கோடியில் உடைந்த ஒன்றோடு
ஒட்டிக்கொண்டிருக்கிறது.

முதலாவதற்கு வாழ்நாள் வேலை ஒன்றே:
குறிப்பிட்ட சில கதவுகளில் நின்று
உஷ் என்பது.
இரண்டாவது,
நீங்கள் நாலே நாலு செல்லாக இருந்தபோது
ஓரிரு நாள் தொண்டை கிழியக் கத்திவிட்டு
தசையிலும் தோலிலும் பூட்டப்பட்டது.
இப்போது தலை அதனுடையது,
வால் இதனுடையது.
உஷ் என்று சொல்ல எந்தக் கதவுக்குப் போகுமோ
அதே கதவுக்கு, வழி தப்பாமல் போய்
எழுந்திரு எழுந்திரு என்று அலறுகிறது.

அந்த முதல் மரபணுவின் பெயர் சி.ஐ.சி.
எந்தப் பக்கமிருந்து வாசித்தாலும் அதேதான்.
விரித்துச் சொன்னால், கபிகூவா.
எங்கள் சொல்லை அறிந்த யாரோ
நடுவுடல் இல்லாமல்
தலையும் வாலுமாய் உருவான பழ ஈயின் கருவைப் பார்த்து
வைத்த பெயர்.
வேடிக்கையாகத்தான் வைத்திருப்பார்கள்.
எவர் தொடையில் போய் நிற்கும் என்று
அன்றைக்கு யாருக்குத் தெரியும்.

அறிக்கையில் இதற்கெல்லாம் கட்டமில்லை.
யூயிங்குக்குத் தரும் மருந்தைத்தான் தருவார்கள்,
இது அதற்கு அவ்வளவாக மசியாது,
அதையும் நான் எழுதவில்லை.
எண், இணைவு, தேதி, கையெழுத்து.

வியாழக்கிழமை டாக்டர் ஃபெரியோல் போனில் சொன்னார்:
நீங்கள் பேருந்து ஓட்டுபவராம்.
பெயரைக் கேட்டதும் சிரித்துவிட்டீர்களாம்.
“கபிகூவாவா?
டோமினோவில் அது விழுந்தால்
ஆட்டம் என்னுடையதாயிற்றே டாக்டர்,
அப்படியானால் ஜெயித்தது யார்?”

அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.
அவரும் சொல்லவில்லை.
கொஞ்ச நேரம் இருவரும்
தொலைபேசியைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

வீட்டில் பறவைப் புத்தகத்தைத் திறந்தேன்.
சீட்டை ஓர் உறையில் போட்டேன்.
முகவரி தெரியாது; தெரிந்துகொள்ளவும் கூடாது.
மீண்டும் மீன்கொத்தியிடமே வைத்தேன்.

காலையில் மேசைமேல் புதுத் தகடு: 43206.
கை ஓடுவதற்கு முன்பே கண் ஓடித்
திருப்பி வாசித்தது.
ஒன்றுமில்லை, வெறும் எண்.
அப்பாடா என்று
விளக்கைப் போட்டேன்.